ஊக்கம் சொல்பவர் என்ன தருகிறார்?

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தால் ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே ஒரு பொன்மொழி இருக்கிறது. பள்ளிச் சுவரில், அரசு அலுவலக வாசலில், ஆட்டோவின் முதுகில், விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் ரோஜாப்பூப் படத்தின் மேல் என்று எங்கு பார்த்தாலும் அதே மூன்று அறிவுரைகள்தான். உன்னால் முடியும்; உன் காலில் நில்; வாழ்க்கையை ரசித்து வாழ். இவற்றில் எதையும் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இத்தனை ஆயிரம் பேர் இத்தனை ஆயிரம் முறை சொல்லியும், கேட்பவர்களின் வாழ்வில் அதற்கேற்ற மாற்றம் தெரிகிறதா என்றால் தயக்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குறை கேட்பவரிடம் இருப்பதாகவே பொதுவாக நினைக்கிறோம்: சோம்பல், அவநம்பிக்கை, விதியை நொந்துகொள்ளும் பழக்கம். கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஊக்கம் சொல்பவர், சொல்லோடு சேர்த்து எதைத் தருகிறார்? சொல்பவருக்கும் ஏதோ ஒரு செலவு வைக்கும்போதுதான் ஊக்கமொழி வேலை செய்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தச் செலவு பணமாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், கையிலிருக்கும் அதிகாரத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொள்ளும் துணிச்சலாகக்கூட இருக்கலாம். இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் போதும்.

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் செல்லும் சாலையில் இருக்கிறது அன்னவாசல். மழையையும் கண்மாயையும் நம்பிய வேளாண்மையும் பாறைகளும் நிறைந்த பகுதி. பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவிகளின் கற்படுக்கையில், தமிழ் பிராமியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. துறவிகள் தங்கிய இடமாயிற்றே, வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது பொறித்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது சொல்வது, எருமி நாட்டைச் சேர்ந்த ஒருவருக்காகச் சிறுபாவில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்ற செய்தியை. அதேபோல, அருகிலுள்ள குடுமியான்மலைப் பாறையில் கிரந்த எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கும் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். ருத்ராசாரியாரின் மாணவரான ஓர் அரசர், இசை பயிலும் மாணவர்களின் நன்மைக்காக அதைச் செய்தார் என்று அந்தக் கல்வெட்டே கூறுகிறது. இசையின் பெருமையைப் புகழும் வரிகளுக்குப் பதிலாக, பயிற்சிக்கான சுரக் கோவைகள் வரிசை வரிசையாக அங்கே இருக்கின்றன. ஒருவர் உட்காரவும் படுக்கவும் இடம் கொடுத்தார். இன்னொருவர் பாடம் கொடுத்தார். கல்லில் நிலைத்து நிற்கும்படி எதைப் பொறிக்கலாம் என்று யோசித்த இருவரும், தாங்கள் கொடுத்ததையே பொறித்தார்கள்.

பழங்காலத்தை விட்டு நம் தலைமுறைக்கு வருவோம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு அறிவொளி இயக்கமாக வந்தபோது, 1991–92இல் அதை மக்கள் இயக்கமாகவே ஆக்கிக் காட்டிய மாவட்டம் புதுக்கோட்டை. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், ஆசிரியர்கள், ஊதியம் வாங்காமல் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கான இளைஞர்கள், இளம்பெண்கள் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. படி, முன்னேறு என்று பெண்களிடம் சொல்வது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்காது. சுவரெழுத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் நம் நாட்டில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் பாடம் நடத்தப் போகும் பெண் தொண்டர் அடுத்த ஊருக்கு எப்படிப் போவார், வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்து இரவில் பாடம் கேட்க வரும் பெண்ணுக்கு நேரம் எங்கிருந்து மிஞ்சும் என்ற கேள்விகளுக்கு எந்தப் பொன்மொழியிடமும் பதில் கிடையாது. அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் சைக்கிள் வந்தது.

பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆட்சியர் சேர்த்தார். இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பின்னர் 1996இல் வெளிவந்த தம் நூலில் தரும் விவரங்கள் கவனிக்கத்தக்கவை. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார்கள். ஒவ்வோர் ஒன்றியமும் இந்த முயற்சியில் இன்னின்ன பொறுப்பை ஏற்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். கிராமங்களில் பயிற்சி முகாம்களும் போட்டிகளும் நடந்தன. 1992 மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். இப்படிப் பொதுவெளியில் ஓட்டிக் காட்டிய பெண்கள் மட்டுமே 70,000க்கும் மேல். விவசாயக் கூலிகள், கல் உடைப்பவர்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி இல்லாமல் இல்லை. ஆனால் கேலியைத் தாங்க ஒற்றைப் பெண்ணைத் தெருவில் விட்டுவிடாமல், மாவட்ட நிர்வாகமும் இயக்கமும் கூட நின்றன. ஊர்வாயில் விழுந்து எழும் செலவில் பாதியை ஊக்கம் சொன்னவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சைக்கிளைக் கொடுத்ததனால் மட்டும் இது நடந்ததா, பாட்டும் பேச்சும் கொடுத்த துணிவால் நடந்ததா? இரண்டும் சேர்ந்துதான். ஆனால் இரண்டில் ஒன்று பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மாவட்டத்தில் சான்று இருக்கிறது. 1995 ஏப்ரலில் சாய்நாத் மறுபடி புதுக்கோட்டைக்குப் போனபோது பெண்களிடம் சைக்கிள் ஆர்வம் குறையவில்லை. இளம்பெண்கள் கற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் சைக்கிளின் விலை சுமார் 1,400 ரூபாய்க்கு ஏறியிருந்தது. ஓட்டத் தெரிந்தும் வாங்க முடியாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு நம்பிக்கையும் திறமையும் போதாமல் இல்லை. இல்லாமல் போனது 1,400 ரூபாய்தான். அந்தப் பெண்களிடம் போய் மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று சொல்லியிருந்தால், அது அவர்களை இழிவுபடுத்துவதாகவே இருந்திருக்கும். மனம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மார்க்கத்தைத் தர வேண்டிய இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.

கல் குவாரிகளின் கதை இன்னும் கசப்பானது. சம்மட்டி பிடித்துக் கல் உடைத்து, ஜல்லி போட்டு, ஒப்பந்ததாரர் கொடுத்ததை வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். முன்பணக் கடனில் சிக்கிக் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களும் அவர்களில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் குவாரிகளைப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. குடுமியான்மலை உட்படப் பல இடங்களில், சுமார் 4,000 ஏழைப் பெண்களின் கைக்குக் குவாரி வந்தது என்கிறார் சாய்நாத். வருமானம் கைக்கு வந்தபோது பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, கணக்கு வழக்கு எல்லாவற்றிலும் பெண்களின் பேச்சு எடுபடத் தொடங்கியது. பின்னர் நிர்வாகத்தில் ஆட்கள் மாறினார்கள். பழைய ஒப்பந்ததாரர்களின் நெருக்குதல் வலுத்தது. பெண்களின் பிடி தளர்ந்தது. குவாரி கையில் இருந்தபோது சுயமரியாதையோடு நின்ற அதே பெண்கள், அது போனபின் திடீரென்று தன்னம்பிக்கை இல்லாதவர்களாக மாறிவிட்டார்களா என்ன? அதிகாரம் பெறுவது என்பதை மனத்துக்குள் நிகழும் ஒரு மாற்றமாக மட்டுமே பார்க்கும் பொன்மொழிகள், இந்த இடத்தில் நமக்கு எதையும் விளக்குவதில்லை. குத்தகைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விளக்குகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொல்லுக்கு ஆற்றல் இல்லையென்று யார் சொன்னது? சிறையிலும் வறுமையிலும் நோயிலும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் எத்தனையோ பேர் இல்லையா? இருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு, எந்தச் சூழலில் சொல் வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட முடிவு ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டியது. தன்னைப் பற்றி உயர்வாக ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ முன்பைவிடச் சோர்ந்தார்கள். யாருக்கு ஆறுதல் தேவையோ அவருக்கே அது எதிராக வேலை செய்தது. 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரில் ஒரு பகுதியினரிடம், அறிவுத்திறன் பயிற்சியால் வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடத்தில் சொன்னார்கள். படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சிறிதளவு கூடியது. ஆனால் கூட இருக்கும் மாணவர்களின் போக்கு அந்தச் செய்திக்கு ஒத்திருந்த பள்ளிகளில்தான் அந்தப் பலன் நன்றாக நிலைத்தது. ஆக, சொல் வேலை செய்யத்தான் செய்கிறது. சூழல் அதைப் பொய்யாக்காத இடத்தில் வேலை செய்கிறது. அந்தச் சூழலை அமைப்பது பெரும்பாலும் கேட்பவரின் கையில் இல்லை, சொல்பவரின் கையில் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு நம் ஊர்த் திண்ணைகளில் அடிக்கடி கேட்பது: பொருளைக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், இலவசம் உழைப்பைக் கெடுக்கும். புதுக்கோட்டைப் பெண்கள் வாங்கியதில் பெரும்பகுதி கடன். விழுந்து, முழங்கால் சிராய்த்துக் கற்றது அவர்கள் உழைப்பு. இலவசமாகவே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பீகார் அரசு 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். மாணவிகள் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். இலவசம் சோம்பலைத் தந்திருந்தால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? தமிழ்நாட்டிலோ 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் பின்னர் மேல்நிலை வகுப்பு மாணவ, மாணவியருக்கு விரிந்தது. 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பயணச்சீட்டுக்குக் கணவனிடமோ மாமியாரிடமோ கை நீட்ட வேண்டியதில்லை என்பதே ஒரு பெண்ணுக்கு எத்தனை வாசகங்களுக்குச் சமம் என்பதை, அந்தப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அப்படியானால் பொருள் மட்டும் போதுமே, பாட்டும் பேச்சும் எதற்கு? கொடுத்த சைக்கிளை ஆள் மாற்றி விற்றுவிடுவதும், வாசலில் நின்று துருப்பிடிப்பதும் நம் கண்முன் நடப்பவைதானே? இது நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவின் கானாவில் பொருளியலாளர்கள் இதையே சோதித்தார்கள். மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு, பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வீட்டுக்கு வந்து கூட நின்று வழிகாட்டும் ஆள் என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது வாழ்க்கைநிலை உயர்ந்தது. ஆட்டை மட்டும் கொடுத்த குடும்பங்களில் அந்த உயர்வு தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; சமைக்கத் தெரியாத கையில் மெய்யான சுரைக்காயும் வீணாகும். எனவே இந்த வாதம் சொல்லுக்கு எதிரானதல்ல. வாராவாரம் வருகிறவரின் சொல்லும் காலண்டர் தாளின் சொல்லும் ஒன்றல்ல என்பதுதான். வருகிறவர் தம் நேரத்தைச் செலவிட்டிருக்கிறார்; போன வாரம் சொன்னது பொய்த்தால் இந்த வாரம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருக்கிறார். அறிவொளித் தொண்டர் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு வந்தது, மறுநாள் இரவும் அவர் அங்கே வந்து நின்றதால்.

வாழ்க்கையை ரசித்து வாழ் என்ற மூன்றாவது அறிவுரைக்கு வருவோம். ஏழைக்கு இது எட்டாத ஆடம்பரம், முதலில் சோறும் கூலியும் ஆகட்டும் என்று சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் புதுக்கோட்டையின் அனுபவம் அவர்களை மறுக்கிறது. சைக்கிள் இயக்கம் பரவியது வருமானக் கணக்கினால் மட்டுமல்ல. அதில் கொண்டாட்டம் இருந்தது. பாட்டு இருந்தது, வீதி நாடகம் இருந்தது, போட்டி இருந்தது, பயிற்சி முகாமுக்கு நல்ல உடை உடுத்தி வந்த பெண்களின் சிரிப்பு இருந்தது. இத்தனை கிலோமீட்டர் போனால் இத்தனை ரூபாய் மிச்சம் என்று மட்டும் கணக்குச் சொல்லியிருந்தால் 70,000 பேர் வந்திருக்க மாட்டார்கள். காற்று முகத்தில் அடிக்கத் தன் விருப்பப்படி ஒரு பெண் ஓரிடத்துக்குப் போய் வருவதன் மகிழ்ச்சியே அவளை மறுநாளும் சைக்கிளில் ஏற வைத்தது. சித்தன்னவாசலில் குகைக்கோயிலின் கூரையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. துறவை உயர்த்திப் பிடித்த சமயத்தின் கோயில் அது. ஆனால் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடும் பெண்கள். ஆசை அறுத்தவர்களின் இடத்திலேயே அழகுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆனால் மகிழ்ச்சிக்கும் செலவு உண்டு; அதற்கு வேண்டிய முதல் நேரம். இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. ஏறத்தாழ ஐந்து மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும். கூலி வேலைக்குப் போய்வந்த பின்பும் அடுப்படியும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும் ஒருத்திக்கு, உனக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கு என்ற பொன்மொழியை அனுப்புவது எளிது. அனுப்பியவர் அதே வீட்டின் ஆணாக இருந்தால், அரை மணி நேரம் பாத்திரம் துலக்கினாலே அந்த வாசகத்தை அனுப்ப வேண்டிய தேவை இருக்காது. ரசித்து வாழச் சொல்வதன் செலவை இங்கே நிமிடக் கணக்கிலேயே போட்டுவிடலாம். சைக்கிள் அன்று பெண்களுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணமும் இதுதான்: தண்ணீர் கொண்டுவரும் நேரமும், பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரமும், அழைத்துப் போக வீட்டு ஆணின் வரவுக்காகக் காத்திருக்கும் நேரமும் குறைந்தன. மிஞ்சிய நேரத்தில்தான் எழுத்தும் பாட்டும் சிரிப்பும் வந்து உட்கார்ந்தன.

வள்ளுவர் இதை எப்படிப் பார்த்தார் என்று கேட்பவர்கள் இருப்பார்கள்; தமிழில் ஊக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவரை விலக்க முடியாது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை ஆகிய நான்கும் 60 முதல் 63 வரையிலான அதிகாரங்கள். பள்ளிச் சுவர்களிலும் பேருந்துகளிலும் அதிகம் எழுதப்படும் குறள்களில் பல இவற்றிலிருந்து எடுத்தவையே. ஆனால் அவை நூலில் எங்கே இருக்கின்றன? இல்லறவியலில் இல்லை, துறவறவியலிலும் இல்லை. பொருட்பாலின் அரசியலில் இருக்கின்றன. இறைமாட்சியில் தொடங்கும் இருபத்தைந்து அதிகாரங்களின் இறுதியில், ஆள்பவனிடம் இருக்க வேண்டிய குணங்களின் வரிசையில். எல்லோருக்கும் பொருந்தும் அறம் என்று அவற்றை வாசிப்பதில் தவறில்லை. உரையாசிரியர்களும் மக்களும் அப்படி வாசித்துத்தான் வந்திருக்கிறார்கள். என்றாலும் சோம்பாதே, தளராதே என்ற சொல் நூலின் அமைப்பில் முதலில் அதிகாரத்தில் இருப்பவனை நோக்கியே இருக்கிறது. நாமோ அதைப் பெயர்த்தெடுத்து, அரசு அலுவலக வாசலில் மனுவோடு காத்திருப்பவர் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் படும்படி அல்லவா அது இருக்க வேண்டும்?

இன்னும் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லாமல் முடிக்க முடியாது. எவர் உதவியும் இல்லாமல் தன் முயற்சியால் உயர்ந்தவர்கள் இல்லையா என்பது அது. புதுக்கோட்டை தந்த பெரும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் முத்துலட்சுமி ரெட்டியாகச் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் போராடினார். அவருடைய அறிவும் உறுதியும் எவரும் கொடுத்தவை அல்ல. ஆனால் ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, அதை ஒதுக்கித் தள்ளி அனுமதித்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். வாழ்த்துச் செய்தி ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு அவர் எதிர்த்தவர்களைப் பகைக்காமல் இருந்திருக்கலாம். அவர் பகையை ஏற்றார், கதவு திறந்தது. தனி முயற்சியால் உயர்ந்தவர்கள் என்று நாம் கொண்டாடுபவர்களின் வரலாற்றை நிதானமாகப் படித்தால், பெரும்பாலும் இப்படிச் செலவை ஏற்ற ஒருவர் எங்காவது இருப்பார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் ஒருவகையில் சொல்தான். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள், ஆயிற்று. அந்தச் சொல் வீண்போகாததற்குக் காரணம், சொன்னவர்கள் அதை மற்றவர்களுக்கான அறிவுரையாக விடாமல் தங்களுக்கான கடமையாக எழுதிக்கொண்டதே.

ஆகவே பொன்மொழிகளை அழித்துவிடச் சொல்லவில்லை. அவற்றின் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்வதுதான் கோரிக்கை. அன்னவாசல் ஒன்றியத்தில் உள்ள பள்ளி ஒன்றின் சுவரில் ‘உன்னால் முடியும்’ என்று இருந்தால், அதன் கீழே மாலை சிறப்பு வகுப்பு முடிந்து மாணவிகள் ஊர் திரும்பப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இருக்கட்டும். வங்கியின் சுவரில் பெண்களின் முன்னேற்றம் பற்றி வாசகம் இருந்தால், சுய உதவிக் குழுவின் கடன் மனுவுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்றும் சேர்த்து எழுதட்டும். விளையாட்டு உடலுக்கு உறுதி என்று எழுதிய மைதானத்தில், பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பதும் தெரியட்டும். ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. தன்னம்பிக்கை உரை ஆற்ற வரும் சிறப்பு விருந்தினர்களிடம், நீங்கள் இப்போது சொன்னதற்காக இந்த ஆண்டு எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டிலும் இதே அளவுகோல் பொருந்தும்: மகளிடம் பெரிதாகக் கனவு காண் என்று சொல்லும் தந்தை, அவள் வெளியூரில் படிக்கக் கேட்கும்போது ஊர்ப்பேச்சைத் தாங்கத் தயாரா என்பதில்தான் அந்தச் சொல்லின் மதிப்பு இருக்கிறது. செலவை ஏற்காதவரின் ஊக்கமொழி, கேட்பவரின் தோளில் இன்னொரு சுமையைத்தான் ஏற்றுகிறது: முடியாமல் போனால் அதற்கும் நீயே பொறுப்பு என்ற சுமை. ஒருவருக்கு ஊக்கம் சொல்ல வாய் திறக்கும் முன், அவர் முயன்று தோற்றால் அதில் நம் பங்கு என்ன என்று எண்ணிப் பார்ப்போம். பங்கு ஏதும் இல்லையென்றால், அறிவுரையை நிறுத்திவிட்டு அவருக்கு என்ன தேவை என்று கேட்பதே மேல்.